நாஞ்சில் நாட்டுத் தொன்னகரங்கள் – ஒரு நோக்கு

முன்னுரை

ஊர்களைச் சென்று காண்டல் கல்வியின் ஒரு கூறாகும். நூலறிவு கொண்டவர்க்கு அவ்வறிவை நிலத்தோடு பொருத்திக் காணும் வாய்ப்பினை அஃது அளிக்கின்றது. வழி அறிந்தார் ஒருவர் அறியாதாரை ஆற்றுப்படுத்தும் இலக்கிய வகையைத் தமிழர் படைத்தனர். சிறுபாணாற்றுப்படை வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய நகரங்களைக் கூறிச் செல்கிறது. மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் ஒவ்வொரு நகரின் தெருக்களையும் அங்காடிகளையும் மக்களையும் கண்முன் நிறுத்துகின்றன. நகரைப் பாடுதல் என்பது நகரில் வாழும் மக்களைப் பாடுதலே என்னும் தெளிவு அப்புலவர்களிடம் இருந்தது.

இன்று நம் மாணவர்களுள் பலர் தாஜ்மகாலையும் மைசூர் அரண்மனையையும் கண்டு வந்துள்ளனர். அது மகிழ்தற்குரியதே. ஆயினும் தம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள சிதறால் மலையைக் கண்டவர் எத்துணையர் என வினவின் விடை மனநிறைவு தருவதாயில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திற்கு வருகின்ற வெளியூரார் பெரும்பாலும் கதிரவன் எழுவதையும் மறைவதையும் கண்டு, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகேறிச் சென்று, வழியில் சுசீந்திரத்தை வணங்கித் திரும்புகின்றனர். மாவட்டத்தின் ஏனைய தொன்னகரங்கள் காண்பாரற்றுக் கிடக்கின்றன. அந்நகரங்களின் சிறப்பினை எடுத்துரைப்பதும், அவை யாவும் சேர்ந்து கற்பிக்கும் பாடம் யாது என ஆராய்வதும், அவற்றுக்கு இன்று நேர்ந்துவரும் இழப்பினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

எல்லையும் பெயரும்

நாஞ்சில் நாடு என்னும் பெயர் வரலாற்றில் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அடங்கிய நெல்வளம் மிக்க நிலப்பகுதியையே குறித்தது. மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு ஆகியவை வேணாட்டுப் பகுதிகளாக விளங்கின. இந்நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்து, மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது, 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நாஞ்சில் நாடு என்னும் பெயரை மாவட்டம் முழுமைக்கும் ஆளும் இன்றைய வழக்கையே நாம் இங்குக் கைக்கொள்கின்றோம்.

இந்நிலப்பகுதி தமிழிலக்கண வரலாற்றோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அவ்வதங்கோடு விளவங்கோடு வட்டத்திலுள்ள அதங்கோடே எனக் கொள்ளும் அறிஞர் உளர். கிரேக்கரும் இப்பகுதியை அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ குமரியையும் அங்கு நோன்பிருந்து நீராடுவோரையும் குறிப்பிடுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி ஆய் நாட்டுப் பகுதியில் ‘கோட்டியாரா’ என்னும் பெருநகரைச் சுட்டுகின்றார். அது கோட்டாறே என்பது அறிஞர் துணிபு.

கோட்டாறும் நாகர்கோவிலும்

நம் பயணத்தைக் கோட்டாற்றிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியாக அடங்கிவிட்ட கோட்டாறு, ஒரு காலத்தில் நாகர்கோவிலைத் தன்னுள் அடக்கிய வணிக நகரமாகும். தெற்கே படையெடுத்து வந்த முதற் குலோத்துங்க சோழன் இங்கு நிலைப்படை நிறுத்தினான் என்பது கல்வெட்டுகளால் அறியப்படும் செய்தி. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், தெற்கே குமரித்துறை, மேற்கே வேணாட்டுப் பெருவழி ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் அமைந்தமையே இந்நகரின் வளத்திற்குக் காரணமாகும். படைக்கு நல்ல வழி வணிகத்திற்கும் நல்ல வழியன்றோ!

புனித சவேரியார் பேராலயம் கோட்டாற்றின் புகழ்மிக்க அடையாளமாகும். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கடற்கரையில் பணியாற்றிய சவேரியாரின் நினைவோடு இணைந்தது இவ்வாலயம். 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழியருகே காற்றாடி மலையில் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் இங்கேயே உள்ளது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

கோட்டாற்றிற்கும் அதனையடுத்த இடலாக்குடிக்கும் இசுலாமியத் தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய ஞானியார் சாகிபு கோட்டாற்றைச் சேர்ந்தவர். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) இடலாக்குடியில் பிறந்தவர். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மன்றத்தில் நூறு செயல்களை ஒருசேரக் கவனித்து விடையிறுத்துச் சதாவதானி எனப் போற்றப்பட்டார். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட அவரே, வள்ளலாரின் பாடல்களை அருட்பாவன்று என மறுத்தோர்க்கு எதிராக அருட்பாவின் பக்கம் நின்று மேடைகளில் வாதிட்டார். ஓர் இசுலாமியப் புலவர் ஒரு சைவச் சான்றோரின் பாடலுக்காக வாதிட்டது அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றவில்லை என்பது நாம் ஆழ்ந்து எண்ணற்குரியது.

நாகர்கோவில் என்னும் பெயர் நாகராசர் கோயிலால் ஏற்பட்டது. இக்கோயிலின் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரையே வேயப்படுகின்றது. கோயில் மண்டபத் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் முதலிய சமணத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் ஆகிய சமணத் துறவியர்க்கு அளிக்கப்பட்ட கொடையை 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டுகள் பேசுகின்றன. பார்சுவநாதரின் தலைக்குமேல் குடைபிடிக்கும் நாகமே பிற்கால நாகவழிபாட்டிற்கு வித்திட்டது எனக் கருதுவோரும் உளர். வழிபடுவோர் மாறியபோதும் தூண்கள் உடைக்கப்படவில்லை என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

19ஆம் நூற்றாண்டில் இந்நகர் கல்வி நகராயிற்று. இலண்டன் மிஷன் சங்கத்தார் பள்ளிகளையும் அச்சகத்தையும் நிறுவினர். 1893ஆம் ஆண்டு எழுந்த மணிமேடை இன்றும் நகரின் நடுவே நின்று நேரம் காட்டுகின்றது.

சுசீந்திரம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில், பழையாற்றின் கரையில், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே சுசீந்திரம் அமைந்துள்ளது. தாணு, மால், அயன் என்னும் மூவரும் ஒருங்கே வழிபடப்பெறும் தலமாதலின் இறைவன் தாணுமாலயன் எனப்படுகின்றார். சைவமும் வைணவமும் வாதிட்ட நாட்டில் இவ்விணைப்பு ஒரு விடையாக அமைந்தது எனலாம்.

134 அடி உயரமுள்ள கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். ஒரே கல்லில் அமைந்த இசைத்தூண்கள், 18 அடி உயர அனுமன் சிலை, நீண்ட சுற்றுப்பிரகாரம், தூண்தோறும் விளக்கேந்தி நிற்கும் பாவைகள் ஆகியவை கல்தச்சர்தம் கைத்திறத்திற்குச் சான்றாவன. ஒன்பதாம் நூற்றாண்டு முதலான கல்வெட்டுகள் இங்குக் கிடைத்துள்ளன. வரலாற்றறிஞர் கே.கே. பிள்ளை இக்கோயில் ஒன்றனையே பொருளாகக் கொண்டு 1953ஆம் ஆண்டு ஒரு பெருநூல் வெளியிட்டார். நிலவுடைமை, ஊராட்சி, கலை, விழா, நீதிமுறை யாவற்றையும் ஒரு கோயிலின் வழியாக ஆராய முடியும் என்பதற்கு அந்நூல் நல்ல முன்மாதிரி.

அழகை மட்டும் கூறி அவலத்தை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. குற்றம் சாட்டப்பட்டவரைக் கொதிக்கும் நெய்யில் கையிடச் செய்யும் ‘கைமுக்கு’ என்னும் கொடிய முறை இங்கு வழக்கிலிருந்து, சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் ஒழிந்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்தலும் தடுக்கப்பட்டிருந்தது. வைக்கத்தைத் தொடர்ந்து 1926ஆம் ஆண்டிலும், பின்னர் 1930ஆம் ஆண்டிலும் இத்தெருக்களில் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டது. ஆகவே சுசீந்திரத்தைக் காணச் செல்வோர் கோபுரத்தை மட்டுமன்றி அதன் தெருக்களையும் காணவேண்டும். கோபுரம் கல்தச்சரின் வெற்றி. தெரு மக்களின் வெற்றி.

இதே பகுதியிலுள்ள சாமிதோப்பும் இவ்வகையில் காணத்தக்கது. அய்யா வைகுண்டர் (1809–1851) அங்கு எல்லாச் சாதியினரும் நீர் முகக்கும் பொதுக்கிணற்றை அமைத்தார். பதியில் உருவச்சிலைக்கு மாற்றாகக் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணப் பழக்கப்பட்ட மனிதனுக்கு அக்கண்ணாடி கூறும் பொருள் ஆழமானது.

பத்மநாபபுரம்

தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் முன்னர்க் கல்குளம் எனப்பட்டது. 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரன் காலத்தில் இங்கு அரண்மனை எழுந்தது. மார்த்தாண்ட வர்மர் அதனைப் புதுக்கி விரிவாக்கினார். 1750ஆம் ஆண்டு தம் அரசையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கிய அம்மன்னர், நகரின் பெயரையும் பத்மநாபபுரம் என மாற்றினார். 1795ஆம் ஆண்டில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

கோட்டைச் சுவர்களுக்குள் அமைந்துள்ள இவ்வரண்மனை பெரும்பாலும் மரத்தால் ஆனது. இந்தியாவின் அரண்மனைகள் பலவும் கல்லாலும் சுண்ணத்தாலும் எழுந்து, காண்போரை அச்சுறுத்தும் பெருமிதம் கொண்டவை. இதுவோ தாழ்ந்த கூரையும் சரிந்த ஓடும் நிழல் நிறைந்த முற்றங்களும் கொண்டு, ஒரு பெரிய தறவாட்டு வீட்டைப்போல் காட்சியளிக்கின்றது. பெருமழை பெய்யும் நிலத்திற்கு ஏற்ற கட்டடக்கலை இது. தாய்க்கொட்டாரம், மந்திரசாலை, நான்கு நிலைகள் கொண்ட உப்பரிகை மாளிகை, ஆயிரக்கணக்கானோர்க்கு உணவளித்த ஊட்டுப்புரை, கல்லால் ஆன நவராத்திரி மண்டபம் ஆகியன இதன் உறுப்புகளாம். கண்ணாடிபோல் பளபளக்கும் கரிய தரை, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைக்கப்பட்டது என்பர். மந்திரசாலையின் பலகணிகளில் பதிக்கப்பட்ட நிற அபிரகத் தகடுகள் ஒளியைத் தணித்து உள்ளே விடுகின்றன. உப்பரிகையின் உச்சியில் மூலிகை வண்ணச் சுவரோவியங்கள் உள்ளன.

நிலத்தால் தமிழகத்தில் உள்ள இவ்வரண்மனையை 1956க்குப் பின்னும் கேரள அரசின் தொல்லியல் துறையே பேணி வருகின்றது. இரு மாநிலங்கட்கு இடையே ஒரு சொத்து எவ்வாறு பூசலின்றிப் பேணப்படலாம் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகளும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சென்று மீள்கின்றன. அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது செவிவழி மரபு. எல்லைக்கோடு வரையப்பட்ட பின்னும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு இவ்வரண்மனை இடம்பெற்றது.

அருகிலுள்ள புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரர் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றனர். சிறைப்பட்டோருள் ஒருவரான டிலனாய் என்பார் பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படையைப் பயிற்றுவித்து, அதன் தளபதியாகவே உயர்ந்து, 1777ஆம் ஆண்டு இறந்தார். கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் உள்ள அவர் கல்லறை இலத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் பொறிப்புக் கொண்டது. பகைவனாய் வந்தவனின் கல்லறையில் தமிழ் எழுத்து இடம்பெற்றமை, அவன் இம்மண்ணிற்கு உரியவனாய்விட்டான் என்பதற்குச் சான்றாகும்.

தக்கலையும் திருவிதாங்கோடும்

தக்கலை என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் எழும் பெயர் பீர்முகம்மது அப்பா என்பதாகும். தென்காசியில் நெசவாளர் குடியில் பிறந்து, தக்கலையில் வாழ்ந்து அடங்கிய இம்மெய்ஞ்ஞானியார், ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றினார். குறமும் குறவஞ்சியும் மாலையும் தமிழின் சிற்றிலக்கிய வடிவங்கள். அவ்வடிவங்களுக்குள் சூபிய மெய்ப்பொருளைப் பெய்து தந்தவர் அவர். தத்துவம் பிற நாட்டிலிருந்து வந்ததாயினும் அதனை உண்ணத் தந்த கலம் தமிழ்க்கலமே.

ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் அவர் அடக்கத்தலத்தில் மக்கள் கூடியமர்ந்து, இரவு முழுவதும் ஞானப்புகழ்ச்சியைப் பாடுகின்றனர். ஒரு முழுத் தமிழ் நூலை ஓர் ஊரே ஓரிரவு அமர்ந்து பாடும் நிகழ்ச்சி தமிழகத்தில் அரிதாகும். இலக்கியம் ஏட்டில் மட்டுமன்று, ஓர் ஊரின் தொண்டையிலும் வாழும் என்பதைக் கண்டறிய விரும்பும் மாணவர் அவ்விரவில் தக்கலைக்குச் செல்லவேண்டும்.

தக்கலை முசுலிம்களின் அமைப்போடு இணைந்து வழங்கும் ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல்லும் ஆராய்தற்குரியது. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில், வேணாட்டு ஆட்சியாளர் உரிமை வழங்கிய வணிகக் குழுக்களாக அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கூறப்படுகின்றன. கிறித்தவப் பள்ளி ஒன்றிற்கு அளித்த அக்கொடைக்கு அரபு, பகலவி, யூதபாரசீக எழுத்துகளில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் செப்பேட்டில் நின்ற ஒரு சொல் இன்றும் ஓர் ஊரின் வழக்கில் உயிரோடிருத்தல் வியப்பேயன்றோ!

அண்மையிலுள்ள திருவிதாங்கோடு வேணாட்டரசின் பழைய தலைநகர்களுள் ஒன்று. திருவிதாங்கூர் என்னும் நாட்டுப் பெயர் இவ்வூர்ப் பெயரிலிருந்தே பிறந்தது. இங்குள்ள அரப்பள்ளி எனப்படும் பழைய கற்கோயில், புனித தோமையாரால் நிறுவப்பட்டது என்பது கிறித்தவர்தம் மரபு. கருங்கல்லால் அமைந்த அதன் தோற்றம் இந்நாட்டுக் கோயிற் கட்டடக்கலையோடு உறவுடையது. ஒரு நாட்டிற்கே பெயர் தந்த ஊர் இன்று அமைதியான சிற்றூராய் இருக்கின்றது.

சிதறாலும் பார்த்திவசேகரபுரமும்

மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் மலை கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை எனப்படுகின்றது. மலைமேல் இயற்கையாய் அமைந்த குகையின் பாறை முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இயக்கியர் உருவங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரிட்டநேமி பட்டாரரின் மாணவியாகிய குணந்தாங்கிக் குரத்தியார் இங்குப் பொன்னணி வழங்கியதைக் கூறுகின்றது. குரத்தியார் என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல். அக்காலத்தில் ஒரு பெண் கல்வி பெற்று, ஆசிரியராய் விளங்கி, தம் பெயரால் கொடையளித்துக் கல்வெட்டிலும் இடம்பெற்றார் என்பதை நம் மாணவியர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். பின்னர் இவ்விடம் பகவதி கோயிலாயிற்று; சமண உருவங்கள் அழிக்கப்படவில்லை. இன்று நடுவண் அரசின் தொல்லியல் துறை இதனைக் காத்து வருகின்றது. மலையுச்சியிலிருந்து தென்னையும் இரப்பரும் சூழ்ந்த மேற்கு நிலம் முழுவதையும் காணலாம்.

முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரம் கல்வியாளர்தம் யாத்திரைத்தலம் எனத் தகும். கி.பி. 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இங்குத் திருமால் கோயிலும் அதனோடு சாலை என்னும் கல்விநிலையமும் அமைத்தான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இதில் 95 மாணவர்க்கு இடமளிக்கப்பட்டது. மாணவர் நடந்துகொள்ளவேண்டிய ஒழுங்குகளும் மீறுவோர்க்குத் தண்டமும் செப்பேட்டில் விதிக்கப்பட்டுள்ளன. இன்றைய கல்லூரி விடுதி விதிகளுக்கு ஆயிரத்து நூறு ஆண்டு மூத்த முன்னோர் உண்டென்பதை மாணவர் அறிந்தால் புன்முறுவல் பூப்பர்! ஆயின் அக்கல்வி அந்தணச் சட்டர்க்கே உரியதாயிருந்தது. எல்லார்க்கும் கல்லூரி வாயில் திறந்திருக்கும் இக்காலத்தில் அங்குச் சென்று நிற்பது, நாம் கடந்து வந்த தொலைவை உணர்த்தும்.

தேங்காய்ப்பட்டணம்

குழித்துறையாறு கடலோடு கலக்கும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம் உள்ளது. பழைய துறைமுக ஊரான இங்குள்ள பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் வழிவந்தோரின் பணியோடு இணைத்துப் பேசுவது மக்கள் மரபு. தோப்பில் முகம்மது மீரான் (1944–2019) பிறந்த ஊரும் இதுவே. 1988ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, இக்கடற்கரை முசுலிம்களின் பேச்சையும் வறுமையையும் செல்வர்தம் அடக்குமுறையையும் தமிழ் உலகிற்கு அறிவித்தது. ‘சாய்வு நாற்காலி’ என்னும் புதினத்திற்காக 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பட்டினப்பாலையைப் படித்துவிட்டுப் புகார் செல்வோர் கடலையே காண்பர். மீரானின் புதினத்தைப் படித்துவிட்டுத் தேங்காய்ப்பட்டணம் செல்வோர் கதையின் தெருக்களில் நடக்கலாம்.

நகரங்கள் கற்பிக்கும் பாடம்

மேற்கூறிய ஊர்கள் யாவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. நாகராசர் கோயில் தூணில் தீர்த்தங்கரர், சிதறாலில் பகவதி, டிலனாய் கல்லறையில் தமிழ், ஞானப்புகழ்ச்சியில் சூபியம், தமிழக மண்ணில் கேரளம் பேணும் அரண்மனை. ஒருவர் விட்டுச் சென்றதை மற்றொருவர் அழியாது ஏற்றுக்கொண்டமையே இந்நகரங்களின் அழகிற்கு அடிப்படை.

இஃது எக்காலத்தும் அமைதியாகவே நிகழ்ந்தது எனக் கூறுதல் வரலாற்றுக்கு மாறாகும். சுசீந்திரத்தின் தெருக்களும் காற்றாடி மலையும் அதற்குச் சான்று. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தில் இம்மாவட்டம் உயிர்களை இழந்தது. நூற்றாண்டுகளாகச் சேர்த்த உறவைச் சில நாள்களில் சிதைக்க முடியும் என்பதை அக்கலவரம் காட்டிற்று. ஒவ்வொரு சமூகத்தாரும் தம் தலத்தை மட்டும் அறிந்து, அடுத்தவர் தலத்தைச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று மட்டும் காணும் நிலையில், வதந்திக்கு இடம் பெருகுகின்றது. அறியாத இடத்தைப் பற்றியே எதனையும் நம்ப முடியும். சென்று கண்டவரை வதந்தி எளிதில் அசைப்பதில்லை. ஆகவே ஊர் காணுதல் பொழுதுபோக்கு மட்டுமன்று; சமூகக் கடமையுமாகும்.

காக்கவேண்டுவன

இந்நகரங்களுக்கு இன்று பகைவரால் நேரும் கேட்டினும் பற்றுடையவரால் நேரும் கேடே மிகுதி. திருப்பணி என்னும் பெயரில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணல் வீச்சு முறையால் கற்சுவர்கள் துலக்கப்பட்டபோது கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தன. பழந்தூண்கள்மேல் எண்ணெய்வண்ணம் பூசப்படுகின்றது. நம் பள்ளிவாசல்களின் நிலையும் வேறன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில், கருங்கல் தூண்களோடு தமிழ்க் கட்டடக்கலையில் அமைந்த பழம்பள்ளிகள் நம் முன்னோரின் வேரினைக் காட்டி நிற்கின்றன. ஆனால் பழையதை இடித்துக் குவிமாடமும் உயர்ந்த மினாராவும் எழுப்பினாலே பள்ளிவாசலாகும் என்னும் எண்ணம் ஊர்தோறும் பரவி வருகின்றது. தொழுகைக்கு இடம் போதாமை உண்மையே. அதற்கு அருகில் விரிவாக்குவது வழி, இடிப்பது வழியன்று. கல்லாலான ஒரு பழம்பள்ளி, ‘நாங்கள் இம்மண்ணினர்’ என்று எந்த மேடைப் பேச்சினும் உரக்கக் கூறும் சான்றாகும். அச்சான்றை நம் கையாலேயே அகற்றுதல் தகுமோ?

கட்டடத்தினும் விரைந்து அழிவன ஏடுகள். அரபுத்தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகள் பல வீடுகளின் பரண்களில் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளை ஊரூராய்ச் சென்று ஆராய்ந்தவர்களுள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) குறிப்பிடத்தக்கவர். பள்ளி ஆசிரியராய் இருந்துகொண்டே அவர் அப்பணியை ஆற்றினார். பெருநிதியும் பெருநிறுவனமும் இன்றியும் ஓர் ஆசிரியரால் இயன்றது நம் மாணவர்களாலும் இயலும்.

இதற்கென நாம் மூன்று செயல்களை முன்மொழிகின்றோம். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் பழைய கட்டடம், கிணறு, கல்வெட்டு, அடக்கத்தலம் ஆகியவற்றை ஒளிப்படத்தோடு பதிவு செய்யலாம். வீட்டிலுள்ள பழைய ஏடுகளை உரியவர் இசைவோடு மின்படி எடுத்து வைக்கலாம். தமிழ்த்துறையின் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளையேனும் நம் மாவட்டத்திற்கே ஒதுக்கலாம். அந்த ஒரு நாளில் காலையில் சிதறால், நண்பகலில் பத்மநாபபுரம், பிற்பகலில் தக்கலை, மாலையில் சுசீந்திரம் என நான்கு தலங்களைக் காணலாம். ஆயிரம் ஆண்டுகளை ஒரு பகலில் கடக்கும் பயணமாக அஃது அமையும்.

முடிவுரை

நாஞ்சில் நாட்டுத் தொன்னகரங்கள் அழகாலும் பழமையாலும் இந்தியாவின் எந்தப் புகழ்பெற்ற நகருக்கும் குறைந்தவையல்ல. சமணம், சைவம், வைணவம், கிறித்தவம், இசுலாம், அய்யாவழி ஆகிய யாவும் சில கல் தொலைவிற்குள் அருகருகே நின்று, ஒன்றன் மொழியில் மற்றொன்று பேசிய வரலாற்றை அவை தாங்கி நிற்கின்றன. கல்லில் பொறிக்கப்பட்டதைக் கல்லே காக்கும் என்று வாளாவிருத்தல் இயலாது. கண்டவர் நினைவிலும் எழுதியவர் ஏட்டிலும் இடம்பெற்ற பின்னரே ஓர் ஊரின் வரலாறு பாதுகாப்பைப் பெறுகின்றது. தொலைநகரங்களைக் காண விழையும் மாணவச் செல்வங்கள் முதலில் தம் ஊர்ப் பேருந்தில் ஏறி, இவ்வூர்களுள் தாம் இதுகாறும் செல்லாத ஒன்றில் இறங்குவார்களாக. அது தம் சமயத்தார் அல்லாத ஒருவரின் தலமாயின் அப்பயணத்தின் பயன் இரட்டிப்பாகும்.